வாடகை வீட்டு ஹாலுக்கும் நாலு வரி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வீடு பக்கத்தை நான் விடாம படிக்கிறவ. அதுல ஹாலை எப்படி அமைக்கலாம்னு வர்ற கட்டுரை எல்லாமே சொந்த வீட்டுக்காரங்களுக்காகவே எழுதறீங்க. நடுச்சுவரை எடுத்துடுங்க, ஃபால்ஸ் சீலிங் போடுங்க, டிவிக்குப் பின்னாடி மரப்பலகை அடிங்க, மூலைக்கு அளவெடுத்து ஷெல்ஃப் செய்யுங்கன்னு சொல்றீங்க, நல்ல யோசனைதான், ஆனா ஒரு வருஷம் இருந்துட்டு கிளம்பப் போற வீட்ல ஒரு ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும், அங்க இதுல எதைச் செய்ய முடியும் சொல்லுங்க. வேலை மாற்றலாகி வந்தவங்க, சொந்த வீடு கட்டி முடியற வரைக்கும் வாடகைக்கு இருக்கிறவங்க, பிள்ளைங்க படிப்புக்காக ரெண்டு வருஷம் வீடு எடுத்தவங்க இவங்க யாருக்கும் அந்தப் பக்கத்துல ஒரு வரி கிடையாது. அதுவும் ஹால் வாட்டமா இல்லாத வீடா மாட்டிடுச்சுன்னா சோபாவை எங்க போடறதுன்னே தெரியாம முழிக்கிறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த லெட்டர், நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கிட்டு படிங்க.

தற்காலிகம்தானேன்னு ஹாலை அப்படியே போட்டு வைக்கிறது நிறைய வீட்ல நடக்குது. சாமான் இறக்கினவங்க எங்க வெச்சாங்களோ அங்கயே சோபா நிக்கும், பிரிக்காத அட்டைப்பெட்டி ரெண்டு மூலையில கிடக்கும், கேபிள் எட்டுற இடத்துல டிவி, அதுக்கு எதிர்ல ஒரு சேர், அவ்ளோதான். அடுத்த வீட்ல பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுவாங்க. ஆனா அந்த ஒரு வருஷமும் நாம வாழ்ற வருஷம்தானே, பிள்ளைங்க அந்த ஹால்லதான் உக்காந்து ஹோம்வொர்க் எழுதும், வேலை முடிஞ்சு வந்து அங்கதான் காலை நீட்டணும், யாராவது வீட்டுக்கு வந்தா அங்கதான் உக்கார வைக்கணும். தினமும் முட்டி இடிச்சுக்கிட்டு, ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தர் காலை மடக்கிக்கிட்டு, பெட்டியைத் தாண்டிக்கிட்டு இருந்தா வீட்ல சும்மாவே எரிச்சல் வருது, அது எதனாலன்னு யாருக்கும் தெரியறதும் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து யோசிச்சு சாமானை இடம் மாத்தி வெச்சா இது முக்கால்வாசி தீரும், காசு செலவே இல்லாம.

இந்த ஹாலுங்க ஏன் இப்படி ஏறுக்கு மாறா இருக்குன்னா, சின்ன இடத்துக்குள்ள பெட்ரூம், கிச்சன், பாத்ரூம்னு எல்லாத்துக்கும் அளவு ஒதுக்கின பிறகு மிச்சம் இருக்கறதைத்தான் ஹால்னு விடறாங்க. தனியா நடை விட இடம் இருக்காது, அதனால எல்லா ரூம் கதவும் ஹால்லயே வந்து சேருது. பெரிய வீட்டைப் பிரிச்சு போர்ஷனா விட்ட இடங்கள்ல இன்னும் மோசம், நடுவுல தூண் வரும், ஒரு மூலை சாய்வா இருக்கும், ஜன்னல் தரையோட தரையா இருக்கும், மாடிப்படி ஹாலுக்குள்ளயே இறங்கும். ஆளாளுக்கு ஒரு கதவுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்க, நாம ரயில்வே பிளாட்பாரத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கும். ஹாலா இருக்கற இடமே நடையாவும் இருக்குங்கிறதை முதல்ல ஒத்துக்கணும், அதை ஒத்துக்கிட்டாலே பாதி யோசனை தானா வந்துடும்.

நான் இப்ப இருக்கிற வீட்டையே சொல்றேன். ஹால் 18 அடி நீளம், 10 அடி அகலம், கேக்கறதுக்குப் பெருசுதான். ஆனா வாசக்கதவு ஒரு கடைசியில, கிச்சன் வாசல் இன்னொரு கடைசியில, ஒரு நீளச் சுவத்துல பெட்ரூம் கதவும் பாத்ரூம் கதவும், எதிர்ச்சுவத்துல பால்கனி கதவும் ஜன்னலும். டிவி பாயின்ட்டை பெட்ரூம் கதவுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவுல இருக்கிற துண்டுச் சுவத்துல வெச்சிருக்காங்க. அங்க டிவியை மாட்டினா எதிர்ல பால்கனியை மறைச்சுக்கிட்டுத்தான் சோபா போடணும், பாத்ரூம் போறவங்க எல்லாரும் டிவிக்கு முன்னாடிதான் குறுக்க போகணும். வீட்டைப் பாக்க வந்தப்போ இதெல்லாம் கண்ணுல படாது, காலி ரூம் எப்பவும் பெருசாத்தான் தெரியும்.

இந்த மாதிரி ஹால்ல எந்தச் சாமானையும் தொடறதுக்கு முன்னாடி நடக்கிற வழியைத்தான் ஒதுக்கணும், நான் சொல்ல வந்ததுல இதுதான் முக்கியம். எல்லாரும் சோபாவை எங்க போடறதுன்னு ஆரம்பிக்கிறாங்க, அது தலைகீழ். வாசக்கதவுலேர்ந்து கிச்சனுக்கு ஆளுங்க எந்தப் பக்கமா போவாங்க, பெட்ரூம்லேர்ந்து பாத்ரூமுக்கு எப்படிப் போவாங்கன்னு நடந்து பாத்து, அந்த வழியில எதையும் வைக்கிறதில்லன்னு முடிவு பண்ணிடணும். முக்கியமான வழிக்கு 3 அடி வேணும், இடமே இல்லன்னா இரண்டரை அடி, அதுக்குக் கீழ போனா தட்டோட வர்றவங்க இடுப்பை ஒடிச்சு திரும்ப வேண்டியிருக்கும். வீட்ல வீல்சேர்ல இருக்கிறவங்க இருந்தா வழி 36 இஞ்ச், கதவு திறந்த பிறகு கிடைக்கிற இடைவெளி 32 இஞ்ச், வண்டியை முழுசா திருப்ப 5 அடி வட்டம், இதுல குறைக்கவே கூடாது. கதவு திறந்து மூடற வட்டத்தையும் வழிக் கணக்குலயே சேத்துக்கணும், வாசக்கதவு முழுசா திறக்காத அளவுக்கு செருப்பு ஸ்டாண்டை பின்னாடி சொருகி வெச்சிருக்கிற வீடுங்க நிறைய இருக்கு, அவசரத்துக்கு வெளிய ஓடணும்னா அதுதான் முதல் தடங்கல்.

எங்கம்மா முட்டி வலியோட கைத்தடி வெச்சுதான் நடக்கறாங்க. அவங்க நடந்து வர்றதைப் பக்கத்துல நின்னு பாத்தாதான் ஒரு ஹால் சரியா இருக்கா இல்லையான்னு தெரியும். தடியை ஊனற இடம் உடம்பை விட்டு அரை அடி தள்ளி விழுது, அதனால நமக்கு இரண்டரை அடி போதும்ங்கிற இடத்துல அவங்களுக்கு மூணு அடி வேணும். விரிப்போட ஓரம் லேசா மடங்கியிருந்தா தடி அதுல மாட்டுது. டீப்பாயோட முனை கூரா இருந்தா அவங்க அதைச் சுத்தி ஒரு பெரிய வளைவு போட்டு வர்றாங்க. சோபாவோட சீட் தரையிலேர்ந்து 17, 18 இஞ்ச் இருந்தா கைப்பிடியை அழுத்தி எழுந்துடுவாங்க, இப்ப வர்ற தாழ்வான சோபாவுல உக்காந்தா யாராவது கை கொடுக்கணும். அவங்களுக்குன்னு கைப்பிடி வெச்ச நேர் முதுகு சேர் ஒண்ணை வழிக்குப் பக்கத்துலயே, ஆனா வழிக்குள்ள வராம போட்டு வெச்சிருக்கோம், வீட்லயே அதுதான் ரொம்ப யோசிச்சு இடம் பாத்த சாமான்.

வழியை ஒதுக்கின பிறகு என் ஹால்ல மிச்சம் இருந்தது கதவுங்க இருக்கிற சுவரை விட்டுத் தள்ளி 7 அடி அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை. அதைப் பாத்த உடனே யாருக்கும் தோணறது சோபாவை நீளவாக்குல பால்கனி சுவரோட ஒட்டிப் போடறதுதான். அப்படிப் போட்டா ஹால் பஸ் ஸ்டாண்ட் வெயிட்டிங் ரூம் ஆயிடும், எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்து எதிர்ச்சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்போம். நாங்க சோபாவைக் குறுக்கால போட்டோம். சோபாவோட முதுகு வாசக்கதவுப் பக்கம், முகம் கிச்சன் பக்கம். ஆறரை அடி சோபா அந்த 7 அடி பட்டைக்குள்ள அடங்கிடுச்சு, பக்கத்துல வழி அப்படியே திறந்து கிடக்கு. கிச்சன் வாசலுக்குப் பக்கத்துல இருக்கிற வெத்துச் சுவத்துல டிவி, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல 8 அடி, பால்கனி கதவு அந்த நடு இடத்துல வந்து திறக்குது. சோபா முதுகுக்குப் பின்னாடி வாசக்கதவு வரைக்கும் 7 அடி மிச்சம், அங்க ஒரு மேஜை, ரெண்டு சேர், பிள்ளைங்க படிக்கவும் நாங்க லேப்டாப் வெச்சு வேலை பாக்கவும். ஒரே ஹால் ரெண்டு ரூம் மாதிரி ஆயிடுச்சு, சுவர் எதுவும் எழுப்பலை, சோபாவோட முதுகுதான் சுவர்.

சாமானைச் சுவத்தோட ஒட்டித்தான் போடணும்ங்கிற எண்ணம் நமக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலை, நடுவுல இடம் விட்டா ரூம் பெருசா தெரியும்னு நினைக்கிறோம். சின்ன சதுர ரூம்ல அது சரிதான். நீளமான ரூம்லயும் எல் ஷேப் ரூம்லயும் அது எடுபடாது. உக்காந்து பேசறவங்களுக்கு நடுவுல தூரம் கூடிப்போனா பேச்சே நின்னுடுது. மனுஷங்க ஒருத்தருக்கொருத்தர் விடற தூரத்தை அளந்து ஆராய்ச்சி பண்ணின அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால், பழக்கப்பட்ட வட்டத்துல பேசிக்கற தூரம்னு 4 அடிலேர்ந்து 12 அடி வரைக்கும் சொன்னாரு, அதுலயும் 7 அடியைத் தாண்டினாலே குரலை உயர்த்த வேண்டியிருக்கும், பேச்சும் கொஞ்சம் சம்பிரதாயமா மாறிடும். அதனால எதிரெதிர் சீட்டுங்க நடுவுல 6லேர்ந்து 8 அடிக்கு மேல போகாம பாத்துக்கிட்டா போதும். டீப்பாய் சோபாலேர்ந்து 14லேர்ந்து 18 இஞ்ச் தள்ளி இருக்கணும், டம்ளரை எட்டி வைக்கவும் முடியும், காலை நுழைக்கவும் இடம் இருக்கும். அந்த இடமும் இல்லாத ஹால்னா டீப்பாயையே எடுத்துடலாம், சோபா பக்கத்துல ஒரு ஸ்டூல் அந்த வேலையைச் செய்யும்.

இன்னொண்ணு, வெளிப்பக்கச் சுவத்தோட பெரிய அலமாரியையோ சோபாவையோ அழுத்தி ஒட்டி வெச்சா பின்னாடி காத்து போகாது, ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும், காலி பண்ற அன்னிக்கு அலமாரியை நகத்தினா சுவர் கறுப்பா இருக்கும், அட்வான்ஸ்ல கழிக்கிறதுக்கு அது ஒரு காரணம் ஆயிடும். ரெண்டு மூணு இஞ்ச் தள்ளி வெச்சா இந்தத் தொல்லை வராது. ஏசி காத்து வர்ற வழியையும் எந்தச் சாமானும் மறைக்கக் கூடாது, ஹீட்டர் இருக்கிற வீட்ல அதுலேர்ந்து 3 அடிக்குள்ள சோபா, திரை, பேப்பர்னு தீப்பிடிக்கிற எதுவும் வேண்டாம்.

இப்ப எப்படித் திட்டம் போடறதுன்னு சொல்றேன், இதுல உங்க பேப்பருக்கும் வேலை இருக்கு. கிராஃப் நோட்ல ஒரு கட்டம் ஒரு அடின்னு வெச்சு ஹாலை வரைஞ்சு, சோபா, மேஜை எல்லாத்தையும் அதே அளவுல அட்டையில வெட்டி நகத்தி நகத்திப் பாக்கறது ஒரு வழி. அது நல்ல வழிதான், ஆனா தாள்ல பாக்கறது உடம்புக்குப் புரியாது. எனக்குப் பிடிச்சது பழைய நியூஸ்பேப்பரைத் தரையில விரிக்கிற வழி. சோபாவோட நீள அகலத்துக்கு பேப்பரை ஒட்டி ஒரு விரிப்பாக்கி, டீப்பாய்க்கு ஒண்ணு, டிவி ஸ்டாண்டுக்கு ஒண்ணு, அலமாரிக்கு ஒண்ணு, எல்லாத்தையும் தரையில போட்டு மாஸ்கிங் டேப்பால லேசா ஒட்டி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அப்படியே விட்டுடணும். வீட்ல இருக்கிறவங்க எல்லாம் வழக்கம் போல நடப்பாங்க. யாரு எங்க பேப்பரை மிதிக்கறாங்கன்னு பாருங்க, மிதிச்ச இடம் கசங்கியிருக்கும், அந்தக் கசங்கின ஓரத்துல சாமானோட முனை வந்தா அங்கதான் முட்டி இடிக்கப் போகுதுன்னு அர்த்தம். என் வீட்ல மேஜைக்குப் போட்ட பேப்பரோட ஒரு மூலை கிழிஞ்சே போயிருந்துச்சு, பெட்ரூம்லேர்ந்து வர்றவங்க அங்கதான் திரும்பறாங்க, மேஜையை ஒரு சாண் உள்ள தள்ளினதோட சரியாயிடுச்சு. கனமான சோபாவை நாலு பேர் சேந்து நாலு தடவை தூக்கறதுக்கு பதிலா பேப்பரை நகத்திடலாம், இடுப்பும் தப்பிக்கும், தரையும் கீறாது.

டிவி விஷயம். ஹால்ல எல்லாத்தையும் டிவி தீர்மானிக்கிறது எனக்குப் பிடிக்கலை, கேபிள் பாயின்ட் இருக்கிற இடத்துலதான் டிவின்னு ஆரம்பிச்சு வீடே அதைச் சுத்தி வளைஞ்சுடுது. இப்ப நிறைய பேர் வைஃபையிலதான் பாக்கறாங்க, அப்ப கரன்ட் பிளக் மட்டும் இருந்தா போதும், டிவியை வேற சுவத்துக்குக் கொண்டு போயிடலாம். தூரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கு, திரையோட அளவைக் குறுக்கால மூலைக்கு மூலைதான் சொல்வாங்க, அதை ஒண்ணரையால பெருக்கினா பக்கத்துல உக்கார்றவங்க தூரம், இரண்டரையால பெருக்கினா தள்ளி உக்கார்றவங்க தூரம். 43 இஞ்ச் டிவின்னா சுமார் ஐந்தரை அடிலேர்ந்து 9 அடி வரைக்கும் எங்க வேணா உக்காரலாம். 4கே டிவின்னா இன்னும் கொஞ்சம் கிட்ட இருந்தாலும் புள்ளி தெரியாது. 43 இஞ்ச்னு சொன்னாலும் அகலம் முப்பத்தெட்டு இஞ்சுக்குள்ளதான், 55 இஞ்ச் டிவியே 4 அடி அகலம்தான் பிடிக்கும், சின்னச் சுவர்னு பயந்துக்க வேண்டாம். ஜன்னலுக்கு நேர் எதிர்ல வெச்சா வெளிச்சம் திரையில விழுந்து ஒண்ணும் தெரியாது, ஜன்னலுக்கு முன்னாடி வெச்சா கண்ணு கூசும், ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி வெச்சா ரெண்டு தொந்தரவும் இல்ல. திரையோட நடுப்பகுதி உக்காந்திருக்கறவங்க கண் மட்டத்துல, தரையிலேர்ந்து சுமார் 40 இஞ்ச் உயரத்துல இருந்தா கழுத்து வலிக்காது. சுவத்துல உயர மாட்டணும்னு அவசியமே இல்ல, தாழ்வான ஸ்டாண்ட் போதும், ஓனர்கிட்ட டிரில் போட கெஞ்சவும் வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ரொம்பக் கவனமா போடணும். பிளக் தூரமா இருக்குன்னு ஒயரை விரிப்புக்கு அடியில ஓட விடறாங்க, கால் மிதிச்சு மிதிச்சு மேல் உறை பிஞ்சு, சூடு வெளிய போக முடியாம தீப்பிடிக்கிற ஆபத்து அதுல இருக்கு. ஒரு பாக்ஸ்ல இன்னொரு பாக்ஸைச் சொருகறதும் கூடாது, ஹீட்டர், ஏசி மாதிரி கரன்ட் அதிகம் இழுக்கறதை எக்ஸ்டென்ஷன்லயே போடக் கூடாது. ஒயர் சுவரோரமா, நடக்கிற வழியைக் குறுக்க வெட்டாம போகணும். அப்படிப் போக முடியலைன்னா அந்தச் சாமானுக்கு அது இடமில்ல.

தூண் இருக்கிற ஹால்ல தூணை மறைக்க முடியாது, அதோட ஒட்டி ஒரு புக் ஷெல்ஃபோ சின்ன மேஜையோ போட்டா தூண் அதோட ஒரு பக்கம் ஆயிடும். சாய்வான மூலையில சதுரமான சாமானைத் திணிக்காம ஒரு ஸ்டாண்டு லைட்டும் செடித் தொட்டியும் வெச்சா போதும். ஹாலுக்கு நடுவுல ஒரே ஒரு டியூப்லைட் மட்டும் இருக்கிற வீட்ல அந்த ஸ்டாண்டு லைட் ரொம்ப உதவும், 2700 கெல்வின்னு போட்ட மஞ்சள் வெளிச்ச பல்பைச் சோபா பக்கத்துல வெச்சா ராத்திரி அந்த மூலை மட்டும் தனி ரூம் மாதிரி ஆகும். சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்ல தாழ்வான ஜன்னலுக்குக் கீழ சோபா, ஸ்டூல், பெட்டி எதுவும் போடாதீங்க, ஏறிடும்.

சுவத்துல துளை போட முடியாதவங்களுக்கு ஒட்டற ஹூக் கை கொடுக்குது, ஆனா அவசரப்பட்டா விழும். ஒட்டற இடத்தை ஸ்பிரிட்டால துடைச்சு, காய விட்டு, அரை நிமிஷம் நல்லா அழுத்திப் பிடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் எதையும் மாட்டணும். புதுசா பெயின்ட் அடிச்ச சுவர்னா ஒரு வாரம் பொறுக்கணும். எடுக்கறப்போ முன்னாடி இழுத்தா பெயின்ட் உரிஞ்சு வரும், ஹூக்குக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்ட்ரிப்போட வாலைப் பிடிச்சு சுவத்தோட ஒட்டினாப்ல கீழ மெதுவா இழுக்கணும்.

ஆனா ஒரு இடத்துல மட்டும் துளை வேணும், அதுக்கு ஓனருங்க மனசு வைக்கணும். உயரமான புக் ஷெல்ஃபும் ட்ராயர் வெச்ச அலமாரியும் சுவத்தோட கட்டாம நின்னா ஆபத்து. குழந்தை ரெண்டு மூணு ட்ராயரை ஒரே நேரத்துல திறந்து அதுல கால் வெச்சு ஏறினா மொத்த கனமும் முன்னாடி வந்து அலமாரி அப்படியே கவிழும், மேல டிவியும் வெச்சிருந்தா கேக்கவே வேண்டாம். ஒட்டற டேப்பெல்லாம் அந்தக் கனத்தைத் தாங்காது, சுவத்துல ஸ்க்ரூ போட்டு பட்டையால கட்டறதுதான் வழி. முன்ன இருந்த ஒரு வீட்ல ரெண்டே ரெண்டு சின்ன துளைக்கு அனுமதி கேட்டு, காலி பண்றப்போ பட்டி பாத்து பெயின்ட் அடிச்சுத் தர்றோம்னு எழுதியும் கொடுத்தோம், முடியவே முடியாதுன்னுட்டாங்க. கைக்குழந்தை இருந்ததால அந்த ஷெல்ஃபைப் படுக்கப்போட்டு பெஞ்ச் மாதிரிதான் வெச்சிருந்தோம். சுவர் போச்சேன்னு கவலைப்படற ஓனருங்க எல்லாரையும் நான் கேட்டுக்கறேன், இந்தத் துளைக்கு மட்டும் மறுக்காதீங்க. அனுமதி கிடைக்கற வரைக்கும் கனமான புஸ்தகம் எல்லாம் கீழ்த் தட்டுல இருக்கட்டும், மேல் தட்டுல லேசானது மட்டும்.

சோபா உள்ள வருமாங்கிறது தனிப் பாடு. ஹால்ல இடம் இருக்கும், மாடிப்படி திரும்பற இடத்துல மாட்டிக்கும். எல் மாதிரி திரும்பற நடையில எவ்வளவு பெரிய சோபாவைத் தள்ளிக்கிட்டு போக முடியும்னு கணக்குல ஒரு பேர்போன கேள்வியே இருக்கு, 1966ல லியோ மோசர்ங்கிறவர் கேட்டது. நடையோட அகலம் ஒண்ணுன்னு வெச்சா பரப்பளவு சுமார் 2.2195 வர்ற ஒரு வளைஞ்ச வடிவத்தை 1992ல ஜோசப் கெர்வர் கண்டுபிடிச்சாரு, அதைவிடப் பெருசு முடியாதுன்னு 2024ல தென் கொரிய ஆய்வாளர் ஜினியான் பேக் ஒரு நிரூபணம் வெளியிட்டாரு. கேள்வி கேட்டதுலேர்ந்து இந்த நிரூபணம் வர அம்பத்தெட்டு வருஷம் ஆச்சு. மூணு அடி நடைன்னா அது சுமார் 20 சதுர அடி, அதுவும் டெலிபோன் ரிசீவர் மாதிரி வளைஞ்ச உருவத்துக்கு. கடையில விக்கிற நேர் சோபா அந்த வடிவத்துல வராது, நாம அதைச் செங்குத்தா நிறுத்தியும் சாய்ச்சும்தான் திருப்பறோம். அதனால வாங்கறதுக்கு முன்னாடி வாசக்கதவு திறந்த பிறகு நிலைக்குள்ள கிடைக்கிற இடைவெளி, படி திரும்பற இடத்தோட அகலம், லிஃப்ட்டோட உயரம் மூணையும் அளந்து எழுதி வெச்சுக்கணும். சோபாவுல முதுகோட உச்சியிலேர்ந்து கைப்பிடியோட முன் முனைக்கு ஒரு நேர்க்குச்சியை வெச்சு, பின்பக்கக் கீழ் மூலையிலேர்ந்து அந்தக் குச்சி வரைக்கும் அளந்தா வர்ற அளவு கதவு இடைவெளியை விடக் கம்மியா இருந்தா சாய்ச்சு உள்ள கொண்டு வந்துடலாம். கால் கழட்ட முடியுமான்னும் கேட்டுக்கணும், அந்த நாலு இஞ்சே சில சமயம் போதும்.

வாங்கறதுல என் அபிப்பிராயம் இதுதான், இந்த ஹாலுக்குன்னு எதுவும் வாங்காதீங்க. ஒரே துண்டா வர்ற பெரிய எல் ஷேப் சோபா ஒரு மூலைக்குத்தான் பொருந்தும், அடுத்த வீட்ல அந்த மூலை எதிர்ப்பக்கம் இருக்கும். தனித்தனியா பிரியற சீட்டுங்க, ரெண்டு சீட் சோபாவும் ரெண்டு தனிச் சேரும், உள்ள சாமான் வைக்கிற மோடா, மடக்கற மேஜை, சக்கரம் வெச்ச ஷெல்ஃப், இதெல்லாம் எந்த ஹாலுக்கும் தோதா இருக்கும். விரிப்பு மட்டும் கொஞ்சம் பெருசா பாத்து வாங்கலாம், சோபாவோட முன்னங்கால் ரெண்டாவது அது மேல நிக்கணும், இல்லன்னா நடுவுல தனியா மிதக்கற மாதிரி இருக்கும், அடியில வழுக்காத மேட்டும் போடணும். மேஜை, சேர் காலுக்கெல்லாம் ஃபெல்ட் ஒட்டிடுங்க, குடி வர்ற அன்னிக்கே தரையிலயும் சுவத்துலயும் ஏற்கனவே இருக்கிற கீறலை எல்லாம் தேதியோட போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிடுங்க.

ஆசிரியர் சார்கிட்ட ரெண்டு கோரிக்கை. வீடு பக்கத்துல மாசம் ஒரு தடவையாவது வாசகர்கள் அனுப்பற வாடகை வீட்டு ஹால் படத்தை, கதவு, ஜன்னல், பிளக் எல்லாம் அளவோட குறிச்ச படத்தைப் போட்டு, அனுபவப்பட்ட ஒரு இன்டீரியர் டிசைனரை வெச்சு, உடைக்காம, துளைக்காம அதை எப்படி அமைக்கலாம்னு எழுதச் சொல்லுங்க. முதல் படமா என் வீட்டு ஹாலையே அனுப்பத் தயாரா இருக்கேன்.

ரெண்டாவது, உங்க பேப்பர்ல வர்ற வாடகை வீட்டு விளம்பரம் எல்லாத்துலயும் ரெண்டு பெட்ரூம், மூணு பெட்ரூம், மொத்த சதுர அடி இவ்வளவுதான் இருக்கு. அதோட ஹாலோட நீளம், அகலம், ஹாலுக்குள்ள திறக்கிற கதவு எத்தனை, வாசக்கதவு அகலம் எவ்வளவு, இந்த நாலையும் சேத்துப் போட விளம்பரதாரர்களைக் கேட்டு வாங்குங்க. ஒரு வரிக்கு மேல ஆகாது. அந்த ஒரு வரி இருந்தா வீட்டைப் போய்ப் பாக்கறதுக்கு முன்னாடியே நம்ம சோபா அங்க நிக்குமா நிக்காதான்னு தெரிஞ்சுடும்.

இப்படிக்கு,
வாடகை வீட்ல இருக்கும் ஒரு வாசகி